தெளிய வைத்த மருந்து

போன மாதம் சேலத்தில் ஒரு மருந்துக்கடையில் என் ரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு நின்றாள். கடையில் இருந்தவர் பார்மசி படித்த இளம் பெண். ஒரு சின்னப் புட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே வெறும் பொடி. கோடு வரைக்கும் ஆறின தண்ணீரை ஊற்றி, மூடி, அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே பிடித்துக் குலுக்கினார். "ஒவ்வொரு வேளையும் இப்படிக் குலுக்கணும். எங்கே, நீங்க ஒரு தடவை குலுக்கிக் காட்டுங்க" என்றார். அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே குலுக்கினாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன ஐயா, சிரிக்கிறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"சந்தோஷமுங்கம்மா. நீங்க இப்ப சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம விட்டதுக்கு நான் வேலையை விட்டுப் போயிருக்கணும். அதுகூடப் பரவாயில்லை, ஒரு உசுரு போயிருக்கணும். வயித்துப் பிள்ளையைச் சேர்த்தா ரெண்டு."

பின்னால் வரிசையில் நின்றவர்களையும் மறந்து அவர் என்னைப் பேச வைத்துவிட்டார். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, "இதை அப்படியே எங்க சங்க மலருக்கு எழுதித் தாங்க, எங்க பசங்க படிக்கணும்" என்றார். எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பேசுவதுதான் பழக்கம். ஆகவே பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மோகனூர்க்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சேலம் கடைவீதியில் ஓர் இங்கிலீஷ் மருந்துக்கடையில் புட்டி கழுவச் சேர்ந்தேன். கழுவும்போது ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் எழுத்தும், பாதி லத்தீனும் வந்தன. ஆறு வருஷம் கழித்துக் கம்பவுண்டர் பரீட்சை எழுதித் தேறினேன். அவ்வளவுதான் என் படிப்புக் கதை. அதற்குமேல் நான் கற்றதெல்லாம் நோயாளிகளின் வாயிலிருந்துதான்.

இதைச் சும்மா சொல்லவில்லை. என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஜனங்கள் தங்கள் நோவைச் சொல்கிற விதத்தை அதில் எழுதி வைப்பேன். டாக்டர் இங்கிலீஷில் ஒரே வார்த்தையில் எழுதுகிற வியாதியை நம் ஆட்கள் சொல்லும் அழகைக் கேட்க வேண்டும். "வயித்துக்குள்ள யாரோ துணி தொவைக்கறாங்க சாமி" என்பார் ஒருவர். "முட்டிக்குள்ள எறும்பு கலியாணம் நடக்குது" என்பார் இன்னொருவர். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு வண்டிக்காரர், "தலைக்குள்ள செக்கு ஆடுதுங்க, மாட்ட மட்டும் அவுத்து உட்டுருங்க" என்றார். மூன்று நாள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்த நோட்டில் பழகின ஒரு கேள்விதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. அதற்கு வருகிறேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு இந்தப் பக்கம், மலைரோட்டைப் பார்த்தபடி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரு வேப்பமரம். அங்கேதான் டாக்டர் சவரிமுத்துவிடம் போய்ச் சேர்ந்தேன். சேலம் டவுனில் மாதா கோவிலுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த கத்தோலிக்கக் குடும்பம். ஒல்லியான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் ஜெபமாலையும் தெர்மாமீட்டரும் சேர்ந்தே கிடக்கும்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கைக்குழந்தையைக்கூட "வாங்க, நாக்கை நீட்டுங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. "அப்படிங்களா." சாதாரணமாகச் சொன்னால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே சொன்னால் அன்றைக்கு நமக்கு நல்ல நாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டாமலே "அப்படிங்களா" என்றால், நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வேன்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த மூன்றாவது "அப்படிங்களா" எனக்குக் கிடைத்தது. இருமல் மருந்து கலக்க ஒரு டிங்சர் வேண்டும். பேசிக்கொண்டே கை நீட்டினேன், பக்கத்துப் புட்டி கையில் வந்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே பழுப்பு. அளவுக் குவளையில் ஊற்றப் போகிற நேரம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கையில என்னங்க?"

"இருமல் டிங்சருங்க."

"அப்படிங்களா."

திருப்பிப் பார்த்தேன். வெளியே தேய்க்கிற விஷ மருந்து. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "இனிமே புட்டியை எடுக்கும்போது பேரைச் சொல்லுங்க. ஊத்தும்போது சொல்லுங்க. திரும்ப வைக்கும்போது சொல்லுங்க. மனசுக்குள்ள வேண்டாம், வாயால. காது கேக்கணும்."

அன்றைக்கே விஷப் புட்டிகளையெல்லாம் தனி அலமாரிக்கு மாற்றினோம். ஆறு பட்டை வைத்த நீலப் புட்டிகளாக வரவழைத்தார். பட்டையில் வரிவரியாக மேடு இருக்கும். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது. பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அதற்குப் பிறகு நான் மருந்து கலக்குவதை வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "கம்பவுண்டரு மந்திரம் சொல்லித்தானுங்க மருந்து குடுப்பாரு, அதான் கேக்குது" என்று ஒரு பேச்சே கிளம்பிவிட்டது. நான் மறுக்கவில்லை.

இனி அந்தக் காய்ச்சல் கதை.

மலையடிவாரம் என்பதால் எங்கள் பக்கம் குளிர்க்காய்ச்சல், அதாவது மலேரியா, ஐப்பசி பிறந்தால் ஊர் ஊராக இறங்கும். அதற்கு ஒரே மருந்து கொய்னா, இங்கிலீஷில் குயினைன். கொய்னாவை ஆசிட்டில் கரைத்துத் தண்ணீர் சேர்த்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாக நிற்கும். ஆஸ்பத்திரியில் புட்டி கிடையாது, ஜனங்கள்தான் கொண்டு வருவார்கள். எண்ணெய்ப் புட்டி, பன்னீர்ப் புட்டி, சில பேர் சாராயப் புட்டியை வெட்கத்தோடு முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவருவார்கள். கழுவி, ஊற்றி, ஒரு காகிதப் பட்டையை மடித்து ஓரத்தில் வேளைக்கு ஒரு வெட்டு வெட்டி, புட்டியின் பக்கவாட்டில் ஒட்டித் தருவேன். ஒரு வெட்டு, ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

கொய்னா ஒழுங்காக உள்ளே போனால் இரண்டாம் நாள் காதில் இரைச்சல் வரும். ஆகவே மறுபடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காது எப்படி இருக்குது?" என்பதுதான். என் நோட்டில் அதற்கு மட்டும் இரண்டு பக்கம். "சில்வண்டு கத்துது." "தறி ஓடுது." "மழை பெய்யுது, மேல நனையல." இப்படி ஒருவர் சொன்னால் மருந்து வேலை செய்கிறது, கொஞ்சம் அளவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டருக்குச் சொல்லிவிடுவேன்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்தான். கொய்னாப் பட்டை பெரும்பாலும் அங்கேதான் விளைந்தது. வரத்து நின்றுபோனது. ஆஸ்பத்திரி அலமாரியில் கொய்னா டப்பா காலி. அதற்குப் பதிலாக வேறு ஒரு பொடியை அனுப்பினார்கள். கொய்னாவைப் பிரித்தெடுத்த பிறகு பட்டையில் மிஞ்சுகிற சத்துகளைச் சேர்த்துச் செய்த பழுப்புப் பொடி. அதுவும் காய்ச்சலைக் கேட்கும். ஆனால் சுலபத்தில் கரையாது. எங்களுக்குக் கிடைத்த ஆசிட்டும் கொஞ்சம்தான். கல்வத்தில் கோந்துநீர் விட்டு அரைத்து, தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு புட்டியிலும் 'குலுக்கிக் குடிக்கவும்' என்று அச்சடித்த சீட்டை ஒட்டினேன்.

ஒட்டினேன். வாயால் சொல்லவில்லை. இங்கேதான் என் பிழை இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. பத்து வருஷம் தெளிந்த கொய்னாத் தண்ணீரையே கொடுத்துக் கொடுத்துக் "குலுக்குங்க" என்ற சொல் என் நாக்கைவிட்டே போயிருந்தது. வாசலில் கூட்டமோ வேப்பமரத்தைத் தாண்டி நின்றது. சீட்டு ஒட்டியாயிற்று, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

பத்து நாள் போனது. மற்ற ஊர்க்காரர்களுக்குக் காய்ச்சல் ஏதோ கொஞ்சம் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் தள்ளி, கரட்டு ஓரமாக இருந்த ஒரு காட்டுக்கொட்டாயில் மட்டும் ஒருவருக்கும் இறங்கவில்லை. பதினைந்து வீடு இருக்கும். எல்லாரும் பண்ணையத்து ஆட்கள், ஒருவருக்கொருவர் உறவு. அந்த ஊருக்கே பேச்சாளர் நல்லம்மா. ஐம்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் அவர் நின்றால் அடுத்த தெருவில் கேட்கும்.

ஒரு காலை அவர் நாலு புட்டியையும் என் ஜன்னல் பலகையில் டொக் டொக்கென்று வைத்தார்.

"ஏனுங்க கம்பவுண்டரு, நீங்க குடுக்கறது மருந்துங்களா, கெணத்துத் தண்ணிங்களா?"

"ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க? காய்ச்சல் இறங்கலைங்களா?"

"எங்க எறங்குது? எங்க ஊட்டுக்காரருக்கு ஒருநா உட்டு ஒருநா ஒதறுது. பெரியவனுக்கும் அப்புடி. சின்னவனுக்கும் அப்புடி. எனக்கும் அப்புடி. போன வருசம் நீங்க குடுத்தது நாக்குல வெச்சா நாலு ஊருக்குக் கசந்துச்சு. இது மோராட்டம் எறங்குது."

எனக்குச் சுருக்கென்றது. "காது எப்படிங்க இருக்குது?"

"காதுக்கென்னுங்க கேடு? நீங்க மெதுவாப் பேசறதுகூட நல்லாக் கேக்குது." வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "கொய்னாவுக்குச் சந்தையில ஏக கெராக்கியாமா. நல்ல மருந்து யாரு யாரு கைக்குப் போகுதோ, நமக்குத் தெரியுமுங்களா? எங்க கொட்டாயில அல்லாருஞ் சேந்து மகசர் எழுதியிருக்கறோம். திங்கக்கெழமை மேல போகுது."

வரிசையில் யாரும் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மருந்தைத் திருடி விற்கிறான் என்று என்னைச் சொல்லியாகிவிட்டது, ஒரு ஆளும் "சே சே" என்று சொல்லவில்லை. அந்த நாளில் அப்படித் திருடியவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. அந்தப் புகார் மனு மேலே போனால் விசாரணை வரும், வந்தால் வேலையில் நிறுத்திவைப்பார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரில் என் கையால் யார் மருந்து வாங்குவார்கள்?

நல்லம்மாவின் நாலு புட்டியையும் வழக்கம்போல நிரப்பிக் கொடுத்தனுப்பினேன். டாக்டர் எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் கதவைச் சாத்தி, "ஒரு புட்டி கலக்குங்க, பார்க்கிறேன்" என்றார். கண்ணாடி கையில் இருந்தது. நான் பொடியின் பேரைச் சொல்லி எடுத்தேன், பேரைச் சொல்லி எடை போட்டேன், பேரைச் சொல்லி வைத்தேன். அரைத்துக் கலக்கி நீட்டினேன். அவர் ஒரு வேளை அளவை ஊற்றி, நாக்கில் இரண்டு சொட்டு விட்டார். முகம் கோணியது. ஜன்னல் வழியாகத் துப்பினார்.

"கசக்குதுங்க" என்றார். "மருந்து இங்க இருக்குது. காதுல இரைச்சல் இல்லைன்னா, அவங்க உடம்புல இல்லை. நடுவுல ரெண்டு மைல் இருக்குது. அந்த ரெண்டு மைலைப் போய்ப் பார்க்கணும். நாளைக்குக் காலையில கிளம்பலாங்களா?"

அந்த நிமிஷத்தில் அவர் என்னை நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என்னை விட்டுவிட்டுப் போகாமல் என்னையே கூட்டிக்கொண்டு போகிறாரே என்று மட்டும் தோன்றியது. அது போதுமாயிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. டயர் கிடைக்காத காலம், இருந்தது ஒரே சைக்கிள். நான் மிதித்தேன், டாக்டர் பின்னால் கேரியரில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேட்டில் இறங்கித் தள்ளுவோம். "ஜன்னல்ல நின்னு பார்த்தா நோயாளி தெரியறாங்க, வீடு தெரியறதில்லைங்க" என்று பின்னாலிருந்து சொன்னார். எனக்குப் பதில் பேச மூச்சு இல்லை.

நல்லம்மா வீட்டு வாசலிலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனாலும், டாக்டருக்குக் கட்டிலை எடுத்துப் போட்டார். "வாங்க சாமி, இத்தனை தூரம் வந்துபோட்டீங்க."

"மருந்து எங்கங்க வெச்சிருக்கீங்க? பார்க்கலாங்களா?"

உள்ளே கூட்டிப்போனார். சுவரில் விளக்கு வைக்கிற மாடம். அதில் நாலு புட்டியும் சாமி மாதிரி வரிசையாக நின்றன. நான் ஆவலில் கையை நீட்டினேன். நல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஆட்டாதீங்க சாமி. உடியக்காலம் இருந்து அசையாம வெச்சு இப்பத்தான் தெளிஞ்சிருக்குது."

குனிந்து பார்த்தேன். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் இரண்டு விரற்கடைக்குப் பழுப்பு மண்டி.

அந்த நேரம் எனக்குள் ஓடியதை எப்படிச் சொல்வேன்? அவர்கள் கஷாயம் குடிக்கிற முறையில் மருந்தைக் குடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கஷாயத்தை அசையாமல் தெளிய வைத்துத்தான் நோயாளிக்குக் கொடுப்பார்கள், மண்டி வயிற்றில் மந்தம் என்று. அந்தக் கொட்டாயில் அதில் ரொம்பக் கண்டிப்பு. என் பொடி முழுக்க அடியில் உட்கார்ந்திருக்க, மேலே நின்ற தண்ணீரைத்தான் பத்து நாளாகக் குடித்திருக்கிறார்கள். நான் திருடன் இல்லை என்பதற்குச் சாட்சி மாடத்தில் வரிசையாக நிற்கிறது. ஒரு புட்டியைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு ஓடினேன். "பாருங்க டாக்டர், பாருங்க, அத்தனையும் அடியில, அத்தனையும் இங்கயே" என்று வாசலில் ஆடாத குறைதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் ஆடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இது இன்னிக்குக் காலையில வெச்ச புட்டி. போன வாரத்துப் புட்டி, அதுக்கு முந்தின புட்டி, அதுல இருந்த மண்டியெல்லாம் என்னங்க செஞ்சீங்க?"

"கீழ ஊத்த முடியுமுங்களா? சருக்காரு மருந்து. ஒரு சொம்புல சேத்து வெச்சிருந்தனுங்க."

"அந்தச் சொம்பு எங்கங்க?"

"எங்க மருமவளுக்குக் குடுத்துப்போட்டனுங்க. பாவாயி. ஊட்ல அத்தனை பேருக்கும் காச்ச வந்துபோச்சு, அவ ஒருத்திதான் பாக்கி. வயித்துல ஆறு மாசம். மண்டி காட்டமா இருக்கும், அது உள்ள போனா அவளுக்குக் காச்ச அண்டாதுன்னு நேத்து ஒரு வாய் குடுத்தேன். இன்னிக்கு வெடிய மிச்சத்தையும் ஒரே மடக்கா..." அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏனுங்க?"

என் கையில் இருந்த புட்டி கனத்தது. நாலு பேர் பத்து நாள் குடித்திருக்க வேண்டிய பொடி. காய்ச்சலே இல்லாத ஒருத்திக்கு. அதுவும் கருவுற்றவளுக்கு. அந்த மருந்து மிஞ்சினால் வலி எடுத்துவிடும், இதயம் தளர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"பாவாயி" என்று நல்லம்மா கூப்பிட்டார். பதில் இல்லை. "பாவாயி, ஏ பாவாயி."

கொல்லைப்புறம் போனோம். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நல்லம்மா பக்கத்தில் போய்க் கத்தினார். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். இருபது வயதுப் பெண். முகம் வெளுத்திருந்தது.

"காதுக்குள்ள ரைஸ்மில்லு ஓடுதுங்கத்தே" என்று ரொம்பச் சத்தமாகச் சொன்னாள். "நேத்துல இருந்து. இன்னிக்குக் கண்ணும் மசமசங்குது. சொன்னா வேலைக்குக் கள்ளம் பண்றேம்பீங்கன்னு சொல்லல."

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு வார்த்தை வீணாகப் பேசவில்லை. நாடியைப் பிடித்தார். "கடுகு அரைச்சு வெந்நீர்ல கொண்டாங்க." அது வந்தது, குடிக்க வைத்தார், அவள் பழுப்பாக வாந்தி எடுத்தாள். திரும்பக் குடிக்க வைத்தார், திரும்ப எடுத்தாள். நல்லம்மா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை விடவில்லை.

"டானிக் ஆசிட் பெட்டியில இருக்குங்களா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். உள்ளே மிஞ்சியிருக்கும் மருந்தைக் கட்டிப்போட அந்தத் துவர்ப்புச் சத்துதான் வேண்டும். பெட்டியில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தது, இரண்டு மைல் தள்ளி. சைக்கிளை எடுக்க ஓடினேன். வாசலில், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலை இறைக்கிற தோல் சால் ஒன்று புதிதாகச் செப்பனிட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு ஆவாரம்பட்டை. தோல் பதனிடுகிற பட்டை. தோலைப் பதனிடுவது எது? டானிக் ஆசிட் தானே.

"டாக்டர், ஆவாரம்பட்டை இருக்குதுங்க. கஷாயம் போட்டா?"

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அந்த மாதிரி அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "கொதிக்க வைங்க. இருந்தாலும் நீங்க போய் அந்தப் புட்டியையும் கொண்டாந்துருங்க."

நல்லம்மா அடுப்பில் ஏற்றினார். நான் போய்த் திரும்பும்வரை சைக்கிள் தரையில் பட்டதா என்று எனக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது அந்தம்மா கஷாயப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தெளிய வைப்பதா, கலக்கிக் கொடுப்பதா என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றார்.

"இதைத் தெளிய வைக்கலாங்கம்மா. இதுக்கு அதுதான் சரி" என்றார் டாக்டர்.

கஷாயமும் கொடுத்து, மறுபடி வாந்தியும் எடுக்க வைத்து, பிறகு கட்டிலில் படுக்க வைத்தோம். டாக்டர் வெயில் சாயும்வரை நாடியை விடவில்லை. இன்னொரு கை கோட்டுப் பையில் இருந்தது. எந்த நேரம் வலி எடுக்குமோ என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எடுக்கவில்லை. நாடி நிதானத்துக்கு வந்தது. "உசுருக்குப் பயமில்லைங்க. காதும் கண்ணும் வர நாலு நாள் ஆகலாம். வராமலும் போகலாம்" என்றார்.

பிள்ளை தை மாதம் சுகமாகப் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பயந்துகொண்டு படிக்க வேண்டாம்.

மறுநாளே நான் போனேன். கண் தெளிந்திருந்தது. காது வரவில்லை. மகசரைப் பற்றி நான் கேட்கவில்லை, நல்லம்மாவே சொன்னார். "அடுப்புல போட்டாச்சுங்க. எம்பேருலதான் இப்ப ஒண்ணு எழுதோணும்." நான் சொன்னேன், "என்பேரையும் சேர்த்துக்குங்க. வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது நடந்திருக்காதுங்க."

இனி எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. சீட்டு யாரும் படிக்கவில்லை. வாயால் சொன்னாலும் வீட்டில் மருந்தைக் கொடுக்கிறவர் வேறு ஆளாக இருப்பார். புட்டிக்குள் நாலு கூழாங்கல் போட்டால் என்ன, குலுக்கினால் சத்தம் கேட்குமே என்று டாக்டரிடம் கேட்டேன். "கல்லு குழந்தை தொண்டைக்குப் போனா யாருங்க எடுக்கறது? உள்ள ஒண்ணும் போட வேண்டாம்" என்றார். அவர் சொன்னது சரி.

வழி கண்டுபிடித்தவர் நல்லம்மாதான். திங்கட்கிழமை நான் போனபோது மாடத்தில் இருந்த நாலு புட்டிக் கழுத்திலும் மாட்டுச் சலங்கை ஒவ்வொன்று மஞ்சள் கயிற்றில் தொங்கியது. பழைய கழுத்துப் பட்டையிலிருந்து அறுத்துக் கட்டியிருக்கிறார். "இருவது தரம் சலங்கை கேக்காம இந்த ஊட்ல யாரும் மருந்துக்கு வாயத் தெறக்கக் கூடாதுன்னு போட்டுட்டனுங்க" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பதினைந்து வீட்டுக்கும் அவரே போய்க் கட்டிவிட்டார். கட்டாத வீட்டுக்காரரை அவர் திட்டிய திட்டு என் நோட்டில் இருக்கிறது, இங்கே எழுத முடியாது. காய்ச்சல் அந்த வாரமே உடையத் தொடங்கியது. ஆஸ்பத்திரி வரிசையில் சலங்கை சத்தம் கேட்டபோது டாக்டர் சிரித்துக்கொண்டே "அப்படிங்களா" என்றார். பிறகு மற்ற ஊர்க்காரர்களும் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிகிறவரைக்கும் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் காலையில் சந்தைக்கு மாடு வந்த மாதிரி இருக்கும்.

அந்தச் சலங்கைப் புட்டிதான் பாவாயியின் காதுக்கும் சோதனை. தினமும் அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய் நின்று குலுக்குவேன். திங்கள், செவ்வாய், அவள் பாட்டுக்குக் கடலை உடைத்துக்கொண்டிருப்பாள். நல்லம்மா வாசற்படியில் நின்று என் கையையே பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் உள்ளே போய்விடுவார். செவ்வாய்க்கிழமை அவர் சோறு தின்னவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை டாக்டரும் வந்திருந்தார். கொல்லையில் அதே இடம், அதே முதுகு. நான் புட்டியை எடுத்து மெதுவாகக் குலுக்கினேன்.

கடலை உடைக்கிற கை நின்றது.

இன்னொரு தரம் குலுக்கினேன். பாவாயி திரும்பினாள். டாக்டரைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தாள். அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த புட்டியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அடியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னம் நல்லாக் குலுக்கோணுமுங்க" என்றாள். "பாருங்க, அடியில நிக்குது."